பள்ளம் யாருக்கு?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நான் இறங்கிய முதல் வாரத்தில் என் கண்ணில் நின்றது தங்கம் அல்ல, கருங்கல். லெவல் என்று நாங்கள் சொல்லும் பழைய சுரங்கத் தளம் ஒன்றில், தங்கப் பாறையை வெட்டியெடுத்த வெற்றிடத்தில், தரையிலிருந்து கூரை வரை கருங்கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே குவாரியில் உடைத்து, உளியால் முகம் தட்டி, கேஜ் என்னும் சுரங்க லிஃப்டில் இறக்கி, கல்லோடு கல் பொருந்தும்படி கட்டிய சுவர் அது. கோயில் மதில் கட்டுகிறவர்களின் கை நேர்த்தி அதில் இருந்தது. வெளிச்சம் எட்டாத, யாரும் பார்த்துப் பாராட்டப் போகாத இடத்தில் அவ்வளவு ஒழுங்கு.

என்னைக் கூட்டிப்போன பெரியவரிடம் காரணம் கேட்டேன். "எடுத்த இடத்தை அடைச்சிட்டுத்தான்டா அடுத்த இடம். அடைக்காம போனா அது நம்மளை அடைச்சிடும்" என்றார். நாற்பது வருஷம் ஆகியும் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தச் சுரங்கம் 3.2 கி.மீ. ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் மொத்தமும் வெட்டிய வெற்றிடத்தைச் சுற்றி வந்து சேரும். தாங்க முடியாதபோது பாறை வெடிக்கும். அதை எங்கள் அப்பா காலத்தவர்கள் ஏர் பிளாஸ்ட் என்றார்கள், நாங்கள் ராக் பர்ஸ்ட் என்றோம். அது வந்தால் மேலே தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். அந்த அதிர்வை அளக்க 1912லேயே தங்கவயலில் நில அதிர்வுமானி வைத்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988ல் எங்கள் ஊரில்தான் தொடங்கப்பட்டது. வெற்றிடத்தை வெற்றிடமாக விடக் கூடாது என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த பாடம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் சர்வே பிரிவில் வேலை பார்த்தவன். 1984ல் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன், பிறகு வரைபட மேசைக்கு வந்தேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பதினான்கு வருஷம் மாலூர், பங்காருபேட்டைப் பக்கம் கல்குவாரிகளில் மேஸ்திரியாக இருந்தேன். தங்கம் எடுத்த பள்ளத்தையும் பார்த்தேன், ஜல்லி எடுத்த பள்ளத்தையும் பார்த்தேன். இரண்டையும் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். ஒரு பள்ளத்தை எப்படி மூடுவது என்பதை அதைத் தோண்டும் முன்பே வரைந்து வைக்க வேண்டும். மூடுவதற்கான பணத்தைக் கல் விற்கும் காலத்திலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட எந்தப் பள்ளத்தையும் பிறகு யாரும் பார்த்ததை நான் கண்டதில்லை.

இதை எனக்கு உறைக்கும்படி சொன்னவர் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா. மாலூர் தாலுகாவில் நான் வேலை பார்த்த குவாரி ஒன்றில் கல் தீர்ந்துவிட்டது. முதலாளி கம்ப்ரசரையும் கிரஷரையும் கழற்றி வேறு இடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பள்ளம் நூறு அடிக்கு மேல். செங்குத்தான சுவர், அடியில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் ஒரு முள்கம்பிகூட இல்லை. முந்தின நாள் அந்த அம்மாவின் இரண்டு ஆடுகள் விளிம்பில் புல் கடிக்கப் போய் விழுந்துவிட்டன. நிலம் அதற்கு முன் கோமாளம், ஊர்ப் பொது மேய்ச்சல். அவர் சண்டைக்கு வரவில்லை, நஷ்டஈடும் கேட்கவில்லை. தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்: "மேஸ்திரி, கல்லையெல்லாம் லாரியில ஏத்திட்டீங்க. இந்தப் பள்ளத்தை யாருக்கு வச்சிட்டுப் போறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. முதலாளியிடம் வேலி போடலாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். கல் வந்துகொண்டிருந்தபோது அதற்கு நேரமில்லை என்றார், கல் தீர்ந்தபோது பணமில்லை என்றார்.

அந்த அம்மாவின் கேள்வி தங்கவயலுக்கும் பொருந்தும். ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் வந்ததிலிருந்து 2001 வரை, நூற்றிருபது வருஷத்தில் எங்கள் மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. எடுப்பதற்கு எவ்வளவு திட்டமிட்டார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. பெங்களூருக்கே மின்சாரம் வராத 1902ல், காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கி.மீ. கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பாலாற்றுத் தண்ணீரைப் பேத்தமங்கலா ஏரியிலிருந்து குழாயில் கொண்டுவந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆளைக் கொண்டுவந்தார்கள், என் தாத்தா அப்படி வந்தவர். அடுத்த ஐம்பது வருஷத்தில் எந்த லெவலில் எவ்வளவு பாறை என்று கணக்குப் போட்டார்கள். நான் வேலை பார்த்த வரைபட அறையில் அந்தப் படங்கள் அலமாரி அலமாரியாக இருந்தன, துணியில் ஒட்டி, கறுப்பு மையில், ஒரு மயிரிழை பிசகாமல். அத்தனை படங்களையும் விரித்துச் சுருட்டியிருக்கிறேன். எடுத்து முடித்தபின் இந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை வரைந்த ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

மிஞ்சியது சயனைடு மலை. எங்கள் ஊர் ஸ்டேஷனான மாரிக்குப்பத்துக்கு ரயிலில் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடுகள். பதின்மூன்று மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். அதை 800 டன் தங்கத்தோடு வைத்து ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பவுனுக்கு 330 கிலோ தூள். உங்கள் வீட்டுத் தாலியில் எங்கள் ஊர்த் தங்கம் ஒரு பவுன் இருந்தால், அதற்கான ஆறு மூட்டைத் தூள் இன்னும் எங்கள் தெருமுனையில் கிடக்கிறது என்று பொருள்.

ஆடிக் காற்று வீசும்போது அந்தத் தூள் கிளம்பும். சின்ன வயதில் ஜன்னலில் ஈரச் சேலையைத் தொங்கவிடுவது அம்மாவின் வேலை, சாயங்காலம் அதைப் பிழிந்தால் சாம்பல் நிறத் தண்ணீர் வரும். சோற்றுப் பானையை மூடிவைத்தாலும் பல்லில் நரநரவென்று கடிபடும். சயனைடு என்ற பெயரைக் கேட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். சயனைடு வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையக்கூடியது. மாவாக அரைத்த சிலிக்கா சிதையாது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சுரங்கத்துக்குள் போய் வந்தவர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்ததை எங்கள் ஊரில் எல்லாரும் அறிவோம். சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காத பெண்களும் குழந்தைகளும் இன்றும் அதே தூளைத்தான் சுவாசிக்கிறார்கள்.

இந்தியாவில் சுரங்கம் நடத்துகிறவர் மூடல் திட்டம் ஒன்றைத் தயாரித்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு உத்தரவாதத் தொகையும் கட்ட வேண்டும் என்ற விதி 2003 ஏப்ரலில் வந்தது. எங்கள் சுரங்கம் மூடி இரண்டு வருஷம் கழித்து. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற நிதியை உண்டாக்கும் சட்டத் திருத்தம் 2015ல் வந்தது, பதினான்கு வருஷம் கழித்து. எங்களுக்கு நேர்ந்ததை யாரும் எங்களுக்காகத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் எதையும் திட்டமிடவில்லை என்பதுதான் என் வருத்தம். தங்கம் நிறைய வந்த காலத்தில் மூடுவதைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை. தங்கம் குறைந்து, நஷ்டம் ஏறி, கதவை அடைக்கும் நாள் வந்தபோது, சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் கையில் சம்பளப் பாக்கி கொடுக்கவே காசில்லை. காசில்லாத கம்பெனி எந்த மலைமேல் மரம் நடும்?

இன்னொரு தேதியையும் சொல்ல வேண்டும். தங்கவயலில் ஆரம்ப காலத்தில் கங்காணிகளாகவும் என்ஜினியர்களாகவும் இருந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள். அந்தக் கார்ன்வாலில் பீங்கான் களிமண் எடுத்து ஓய்ந்துபோன ஒரு பெரிய பள்ளத்தை, ஆயிரக்கணக்கான செடிகொடிகள் வளரும், ஒளி புகும் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டமாக மாற்றினார்கள். ஈடன் திட்டம் என்று பெயர். அது மக்களுக்குத் திறக்கப்பட்டது 2001 மார்ச் 17. எங்கள் ஷாஃப்ட் நின்ற பதினேழாவது நாள். எங்களுக்குச் சுரங்கம் தோண்டக் கற்றுக்கொடுத்த ஊர் தன் பள்ளத்தில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த அதே மாதத்தில், எங்கள் சுரங்கம் கைவிடப்பட்டுக் கிடந்தது. அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அந்தக் கூடாரம் வேண்டாம். ஆடு விழாத பள்ளம் போதும்.

கல்குவாரிக்கு வருகிறேன். தங்கச் சுரங்கம் ஓர் ஊரில் இருந்தது. கல்குவாரி எல்லா ஊரிலும் இருக்கிறது. பெங்களூரில் எழும் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும், ஒவ்வொரு மேம்பாலத்துக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்துதான் போகின்றன. குவாரி சின்னது என்பதால் அரசின் கண்ணுக்கு அது நீண்ட காலம் பெரிதாகப் படவில்லை. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில்தான், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரி 8 அன்று இன்னொரு வழக்கில், தோண்டி முடித்த இடத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வாழத் தக்கதாக அந்த நிலத்தை ஆக்கித் தர வேண்டும் என்பதைச் சுரங்கக் குத்தகையில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மாலூர் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவர் தெலுங்கில் கேட்டதையே நீதிபதிகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

ஆனால் பேப்பரில் இருப்பது களத்துக்கு வரவில்லை. குவாரித் திட்ட அறிக்கைகள் பலவற்றை என் கையால் புரட்டியிருக்கிறேன். முதல் இருபது பக்கம் எவ்வளவு கல், எத்தனை வருஷம், எத்தனை டிப்பர் என்று கணக்கு துல்லியமாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் 'மரக்கன்றுகள் நடப்படும், பள்ளம் நீர்த்தேக்கமாகப் பயன்படுத்தப்படும்' என்று இரண்டு வரி. எந்த மரம், எந்த வருஷம், எந்த மண்ணில், யார் தண்ணீர் ஊற்றுவது, ஒன்றும் இருக்காது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே இரண்டு வரியை நாலு குவாரிகளின் அறிக்கையில் பார்த்திருக்கிறேன்.

சர்வே ஆளாக எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். குவாரிக்கு முதல் நாள் வரைய வேண்டிய படம் கடைசி நாளின் படம். பள்ளத்தின் கடைசி விளிம்பு எங்கே, கடைசி ஆழம் எவ்வளவு, படிகள் எங்கே, ஆளும் மாடும் இறங்கி ஏறச் சரிவு எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும். அதை வரைந்த பின் அங்கிருந்து பின்னோக்கி வந்து, இன்று எங்கே முதல் வெடி வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். முதலாளிகள் நேர்மாறாகச் செய்கிறார்கள். நல்ல கல் எங்கே தெரிகிறதோ அங்கே துளை போட்டு, அதைத் துரத்திக்கொண்டே கீழே போகிறார்கள். கடைசியில் கிணறு மாதிரி ஒரு குழி கிடைக்கும். அதைக் கோடி ரூபாய் கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் படி வெட்ட வேண்டிய பாறை குத்தகை எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஆள் நிலத்தில் இருக்கும்.

படி என்பது அழகுக்கு இல்லை. கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சுரங்க ஒழுங்குமுறை. படியை அந்த உயரத்துக்குக் குறையாத அகலத்தில் விட்டுவந்தால், உடைந்து விழும் பாறை அடுத்த படியிலேயே தங்கிவிடும், கீழே நிற்கும் ஆள் பிழைப்பான். 2022 மே மாதம் நெல்லை அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். உடல்களை எடுக்கவே நாட்கணக்கில் ஆனது. அந்தச் செய்தி வந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் இல்லை. சுரங்கத்துக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மேலே காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தங்கவயல்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை செய்கிறவனைக் காக்கும் அந்தப் படியே பின்னால் நிலத்தையும் காக்கிறது. மேல்படி முடிந்தவுடன் அதில் மண் பரப்பிச் செடி வைக்கலாம், கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும். குவாரி மூடும் நாளில் மேல்படிச் செடிக்குப் பத்து வயது ஆகியிருக்கும்.

அந்த மண் எங்கிருந்து வரும்? குவாரி திறந்த முதல் வாரத்தில் வழித்த மேல்மண்தான். ஒரு சாண், இரண்டு சாண் கனம்தான் இருக்கும். அதில் பல நூறு வருஷத்து இலையும் சாணமும் வேரும் சேர்ந்திருக்கின்றன. ஹிட்டாச்சிக்காரருக்கு அது இடைஞ்சல், வழித்துச் செங்கல் சூளைக்கு விற்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் பாறைக் கழிவோடு கலந்து மேடாகக் கொட்டிவிடுவார்கள். நான் கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு குவாரியில் அதைத் தனியாக, இடுப்புயரத்துக்கு மேல் போகாமல் குவிக்கவைத்தேன். மேலே கொள்ளும் நரிப்பயறும் தூவினோம். மலையாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் மண் செத்துவிடும். தூவிய பயறு மண்ணைக் கட்டி வைக்கும், அதற்குத் தழைச்சத்தும் கொடுக்கும். ஆறு வருஷம் கழித்து அந்த மண்ணைப் படியில் பரப்பியபோது மண்புழு இருந்தது. என் குவாரி வாழ்க்கையில் மனம் நிறைந்த நாள் அதுதான்.

வெடி விஷயத்தில் ஊரார் சொல்வதை முதலாளிகள் நம்புவதில்லை. சுவர் விரிந்தது என்றால், பழைய வீடு, தானாக விரிந்தது என்பார்கள். அளக்கக் கருவி இருக்கிறது. வீடுகள் உள்ள இடத்தில், தாழ்ந்த அதிர்வெண்ணில் நிலம் நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்துக்கு மேல் அதிரக் கூடாது என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997லேயே வரம்பு வைத்திருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் அதிர்வுமானி வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் வந்த எண்ணைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதினால் பாதிச் சண்டை தீரும். துளை போடும்போது தண்ணீர் விட்டால் தூசி பறக்காது. கிரஷரில் கன்வேயரை மூடித் தண்ணீர் தெளித்தால் பக்கத்து ராகி வயல் வெள்ளையாகாது. இவை எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வெடிமருந்தைச் சேமிப்பதில் காட்டும் அலட்சியம் என்ன செய்யும் என்பதை 2021 பிப்ரவரியில் எங்கள் பக்கத்து மாவட்டமான சிக்கபள்ளாப்பூரின் ஹிரேநாகவள்ளியில் கண்டோம். வெடித்ததில் ஆறு பேர் போனார்கள்.

கோலாரில் இதையெல்லாம் விடப் பெரியது தண்ணீர். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் போடுகிறோம். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018லிருந்து எங்கள் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள், அந்த நிலைமை. ஏரிக்கு ஏரி தண்ணீரைக் கொண்டுபோகும் ராஜகால்வாயில் குவாரிக் கழிவு ஒரு லோடு விழுந்தால் கீழே நாலு ஏரி காயும். ஆகவே குவாரியின் முதல் வேலை வெடி வைப்பது இல்லை, சுற்றிலும் வடிகால் வெட்டுவது.

மூடிய பள்ளம் என்னவாக வேண்டும் என்பதையும் ஊர்தான் சொல்ல வேண்டும். சென்னையில் 2017 வறட்சியின்போது மாங்காடு அருகே சிக்கராயபுரத்தின் பழைய கல்குவாரிகளில் நின்ற தண்ணீரைச் சோதித்து, சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒருகாலத்தில் பிள்ளைகள் விழுந்து செத்த பள்ளங்கள் ஒரு மாநகரத்தின் தாகத்துக்கு உதவின. பெங்களூரின் வடபுறத்தில் பெள்ளஹள்ளி, மிட்டகானஹள்ளி குவாரிகளின் கதை வேறு. நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய் அங்கே கொட்டினார்கள். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் நாற்றத்திலும் கெட்டுப்போன நிலத்தடி நீரிலும் அவதிப்பட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பள்ளத்துக்கு நாம் ஒரு வேலை கொடுக்காவிட்டால், வேறு யாராவது வந்து அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள்.

பாறையில் எதுவும் முளைக்காது என்கிறவர்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி. கென்யாவில் மொம்பாசாவுக்குப் பக்கத்தில் பம்புரி சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரி, வெயிலில் கண்கூசும் வெள்ளைப் பாலைவனமாகக் கிடந்தது. ரெனே ஹாலர் என்பவர் 1971ல் பலவகை மரங்களை நட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை பட்டுப்போயின. பிழைத்தவற்றில் முக்கியமானது நம் கடற்கரையோரச் சவுக்கு. சவுக்கின் சருகு மட்காமல் கிடந்தபோது அதைத் தின்று எருவாக்க மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். இன்று அங்கே காடு இருக்கிறது, நீர்யானை இருக்கிறது. சவுக்கும் மரவட்டையும் நம்மிடம் இல்லாத பொருள்களா?

கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லால் பிழைத்த குடும்பம் என்னுடையது. சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய் இரவு திரும்புகிறார்கள், அவர்களுக்கு உள்ளூரில் வேலை வேண்டும் என்பது என் ஆசை. இவ்வளவும் செய்தால் குவாரி கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்குத்தான் கணக்கு சொல்கிறேன். டன்னுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கட்டும். இருபது டன் டிப்பருக்கு 200 ரூபாய். ஒரு நாளைக்கு முப்பது லோடு, வருஷத்தில் முன்னூறு நாள் என்றால் 18 லட்சம். பத்து வருஷத்தில் வட்டியில்லாமலே 1 கோடியே 80 லட்சம். வீடு கட்டுகிறவருக்கு ஒரு லோடு ஜல்லியில் 200 ரூபாய் தெரியவே தெரியாது. அந்தப் பணம் முதலாளி கையிலும் இருக்கக் கூடாது, அரசின் பொதுக் கணக்கில் போய்க் கலந்துவிடவும் கூடாது. அந்தக் குவாரியின் பெயரில், அந்தப் பஞ்சாயத்தின் கையெழுத்தும் சேர்ந்தால் மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். பெரிய சுரங்கங்களுக்கு 2017 விதிகளில் ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாய் உத்தரவாதத் தொகை வைத்தார்கள். மூன்று லட்சத்துக்கு ஒரு ஹிட்டாச்சி டீசலோடு ஒரு மாதம்கூட ஓடாது. தொகையைப் பறிகொடுத்துவிட்டுப் போவதே லாபம் என்று முதலாளி நினைக்கும் அளவுக்கு அது சிறியதாக இருந்தால், அது உத்தரவாதம் ஆகாது.

இப்போது எங்கள் சயனைடு மலைகளுக்கு மறுபடி விலை வந்திருக்கிறது. பதின்மூன்று மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, சுமார் 1,003 ஏக்கரில் வேலை செய்வதற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. ஊரில் பாதிப் பேர் வேலை வரும் என்கிறார்கள், பாதிப் பேர் தூசி வரும் என்கிறார்கள். இரண்டும் வரும் என்பது என் எண்ணம். எது அதிகம் வரும் என்பது முதல் நாள் வரையும் படத்தைப் பொறுத்தது. தூளைத் தோண்டி, தண்ணீரில் கரைத்து, மீண்டும் கழுவித் தங்கம் எடுத்த பிறகும் அதே 3 கோடியே 30 லட்சம் டன் மிஞ்சும். அது எங்கே போகும்? ஈரச் சேறாகத் தேக்கினால் கரை தாங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்ப்ரைட்டில் 1994ல் அப்படி ஒரு கரை உடைந்து தங்கச் சுரங்கச் சேறு ஊருக்குள் பாய்ந்தது, பதினேழு பேர் இறந்தார்கள். கழுவும் தண்ணீரை எந்த ஏரியிலிருந்து எடுப்பார்கள்? எங்களுக்குப் பக்கத்தில் ஓடும் பாலாறு வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகும் ஆறு, ஆகவே இது தமிழ்நாட்டு வாசகரின் கேள்வியும்தான்.

என் ஆசை ஒன்றைச் சொல்கிறேன். உலகத்துச் சுரங்கங்கள் பலவற்றில் இப்போது கழிவுத் தூளைச் சிமென்டோடு பிசைந்து, வெட்டியெடுத்த வெற்றிடத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கருங்கல் அடுக்கிய எங்கள் பெரியவர்களின் வேலையை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் நிறைந்து கிடக்கும் எங்கள் பழைய லெவல்களில் அது எவ்வளவு தூரம் முடியும் என்பதைப் பாறை இயக்கவியல் அறிந்தவர்கள் ஆராய்ந்து, ஏலம் விடும் முன் எங்களுக்குச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் வேறு எங்கே, எத்தனை அடி மண்ணால் மூடி, எந்தப் புல்லை வளர்த்து, எத்தனை வருஷம் யார் காவல் இருப்பது என்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் தங்கத்தின் பங்கை எழுதும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அது இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் ஊரிலும் ஒரு பாறை இருக்கும். இன்றோ நாளையோ அதற்குக் குத்தகைக் காகிதம் வரும், கிராம சபையில் வாசிப்பார்கள், பதிவேட்டை உங்கள் பக்கம் நகர்த்துவார்கள். எவ்வளவு கல், எத்தனை பேருக்கு வேலை என்று முன்பக்கத்தில் இருப்பதை அவர்களே சொல்வார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். மூடும் நாளின் வரைபடத்தையும், அதற்கான பணம் இருக்கும் வங்கிக் கணக்கின் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.